வன்னியில் பெயர் எழுதி எடுத்த அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்

2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் வன்னியில் மீளக்குடியமர்ந்த ஒரு குடும்பத்தின் விவரங்கள் இன்று எத்தனை கணினிகளில் இருக்கின்றன என்பதை அந்தக் குடும்பத்தாலும் சொல்ல முடியாது, அவற்றை எழுதி எடுத்தவர்களாலும் சொல்ல முடியாது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் எடுக்கப்பட்ட பதிவில் தொடங்கி, மீள்குடியேற்றப் பதிவு, வீட்டுத்திட்டத்துக்கான புள்ளியிடல், கோழிக்கும் ஆட்டுக்கும் தையல் இயந்திரத்துக்குமான வாழ்வாதாரப் படிவங்கள், நுண்கடன் விண்ணப்பங்கள், 2022இல் எரிபொருளுக்கான கியூஆர் குறியீடு, 2023இல் அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு என்று, ஒவ்வொரு முறையும் அதே பெயரும் அதே அடையாள அட்டை இலக்கமும் புதிதாக ஓரிடத்தில் பதிவாகியிருக்கின்றன. நான் கிளிநொச்சியில் உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றில் வெளிக்களத் தரவு சேகரிப்பாளனாகச் சேர்ந்து, பின்னர் அதன் தரவுத்தளத்துக்குப் பொறுப்பாக இருந்தவன். இப்போது கரைச்சி, கண்டாவளை, புதுக்குடியிருப்புப் பக்கங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தங்கள் பதிவேடுகளைக் கொப்பியிலிருந்து கணினிக்கு மாற்றும்போது, அழைத்தால் போய் உதவி வருகிறேன். இந்தக் குறிப்புகள் முதன்மையாக அத்தகைய சங்கங்களின் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்குமானவை.

போகும் இடங்களில் முதலில் கேட்கப்படுவது கடவுச்சொல்லைப் பற்றித்தான். அது தேவையான கேள்வி, ஆனால் பதில் சுருக்கமானது: ஆளுக்கொரு கடவுச்சொல் இருக்க வேண்டும், அதைத் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டக் கூடாது, பிரதியொன்றை மறைகுறியாக்கி (கடவுச்சொல் இல்லாதவர் வாசிக்க முடியாதபடி மாற்றி) வேறிடத்தில் பூட்டி வைக்க வேண்டும். இவற்றை அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். இவ்வளவும் செய்தபின்னும் பூட்டு உடையலாம் என்பதற்கு 2022 ஜனவரியில் தெரியவந்ததே போதிய சான்று. போராலும் பேரிடராலும் பிரிந்த குடும்பங்களைத் தேடிச் சேர்ப்பதற்காக, குறைந்தது 60 செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் திரட்டிக் கொடுத்த 515,000க்கும் மேற்பட்ட மனிதர்களின் விவரங்கள் இருந்த சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் (ஐ.சி.ஆர்.சி.) கணினிகளுக்குள் வெளியார் புகுந்திருந்தார்கள். வன்னியில் அந்த அமைப்பின் வாகனத்தைப் பார்த்திராத குடும்பம் குறைவு. அவ்வளவு வளமும் அனுபவமும் உள்ள இடத்துக்கே அது நேர்ந்ததென்றால், மேசைக் கணினி ஒன்றையும் டொங்கிள் ஒன்றையும் வைத்திருக்கும் ஒரு சங்கம் பூட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், இந்த விவரம் எம்மிடம் எதற்காக இருக்க வேண்டும் என்று யோசிப்பதே பொருத்தம்.

ஒரு தையல் இயந்திரம் கொடுப்பதற்காக நிரப்பப்பட்ட படிவமொன்று நினைவில் நிற்கிறது. கணவர் எப்போது, எங்கே, எவ்வாறு இறந்தார், குடும்பத்தில் புனர்வாழ்வு பெற்று வந்தவர் (அரசின் புனர்வாழ்வு முகாமில் இருந்து விடுவிக்கப்பட்ட முன்னாள் போராளி) உண்டா, எவருடைய உடலிலாவது எறிகணைச் சிதறல் இருக்கிறதா, என்ன சமயம் என்று அது நீண்டுகொண்டே போனது. எந்த நாட்டிலோ எந்தத் திட்டத்துக்கோ செய்யப்பட்ட மாதிரிப் படிவத்தைத் தமிழாக்கிக் கொடுத்திருந்தார்கள் என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. பின்னாளில் படிவங்களைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தபோது நான் ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நிரலையும் சுட்டி, இதற்கு "ஓம்" என்று பதில் வந்தால் என்ன செய்வோம், "இல்லை" என்று வந்தால் என்ன செய்வோம் என்று கேட்பது. இரண்டுக்கும் ஒரே காரியத்தைத்தான் செய்வோமென்றால் அந்த நிரலை எடுத்துவிடுவது. கால் எப்படிப் போனது என்ற கேள்வி இந்தச் சோதனையில் நிற்கவில்லை. காலால் மிதிக்கும் இயந்திரத்தைப் பாவிக்க முடியுமா, அல்லது மோட்டார் பூட்டியது வேண்டுமா என்ற கேள்வி நின்றது. உதவி பெறுபவருக்குச் சரியான இயந்திரம் கிடைப்பதற்கு அது மட்டுமே வேண்டியிருந்தது. மீதியெல்லாம் ஒரு பெண்ணை அவளுடைய முற்றத்திலேயே இருத்தி வைத்து மறுபடியும் அழப்பண்ணியதுதான்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே திசையில்தான் போகிறது. குறித்த நோக்கத்துக்குப் போதுமான அளவு மட்டுமே எடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கடப்பாடுகளில் ஒன்று. இனம், அரசியல் கருத்து, சமய நம்பிக்கை, உடல்நலம், உயிரளவைத் தரவு, குற்ற வழக்கு, பிள்ளைகளைப் பற்றிய விவரம் ஆகியவற்றை அது விசேட வகைகளாகப் பிரித்து, கூடுதல் நிபந்தனைகளுக்கு உட்படுத்துகிறது. எங்கள் பகுதியில் புழங்கும் பெரும்பாலான படிவங்களின் முதற் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் இவைதான் என்பதைச் சங்கக் கூட்டங்களில் வாசித்துக் காட்டும்போது சிரிப்பு எழும். பின்னர் யாராவது ஒருவர், "அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் எழுதினது?" என்று கேட்பார்.

பெயரை நீக்கிவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் வைத்திருந்தால் ஆள் யாரென்று தெரியாது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அந்த இலக்கமே பேசும். பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாம் நாள் என்பது. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று கணக்கிடுவதால், 1984 மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 84561 என்று தொடங்கும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு முழுமையாக நான்கு இலக்கங்களில் இருக்கிறது. ஆகவே ஒரு கிராமத்தில் 1984இல் பிறந்த, தனித்து வாழும் பெண் என்று தெரிந்துவிட்டால், பெயரைத் தேட விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போக வேண்டிய தேவை இல்லை. அத்துடன் வங்கிக் கணக்குக்கும் சிம் அட்டைக்கும் கடனுக்கும் அதே இலக்கத்தையே கொடுப்பதால், வெவ்வேறு இடங்களிலிருந்து கிடைத்த இரண்டு பட்டியல்களை அதை வைத்தே இணைத்துவிட முடியும். சங்கம் தானாகவே ஒரு அங்கத்துவ இலக்கத்தை வழங்கி, எல்லாக் கோப்புகளிலும் அதைப் பாவித்து, அடையாள அட்டை இலக்கத்தை ஒரேயொரு கோப்பில் மட்டும் வைத்திருந்தால் இந்த வழி பெருமளவு அடைபடும்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கணக்கெடுப்புக்குப் போயிருந்தோம். தாளுக்குப் பதிலாக அப்போதுதான் டப்லட் கொடுத்திருந்தார்கள். வீட்டு அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் நேரே ஒரு தெரிவுப் பட்டியல் விரியும். "வீட்டில் வசிக்கிறார்", "வெளிநாட்டில்", "இறந்துவிட்டார்" என்பவை மட்டுமே அதில் இருந்தன. மூத்த மகனின் பெயரைச் சொல்லிவிட்டு அந்த அம்மா நிறுத்தினார். என்னுடன் வந்திருந்த தங்கச்சி மூன்று தெரிவுகளையும் வாசித்துக் காட்டினாள். "பிள்ளை, இது ஒண்டும் இல்லை. நான் என்ரை கையாலை குடுத்தனான். அவங்கள்தான் சொல்லவேணும்" என்றார் அவர். படையினரிடம் கையளிக்கப்பட்டபின் காணாமல் ஆக்கப்பட்டவர்களில் அந்த மகனும் ஒருவன். தெரிவு செய்யாமல் விட்டால் அடுத்த பக்கம் திறக்காது; அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தது. எத்தனையோ இடங்களில் எத்தனையோ பேர் வெய்யிலையும் மிச்சமுள்ள வீடுகளையும் நினைத்துக்கொண்டு "இறந்துவிட்டார்" என்பதைத் தொட்டுவிட்டு அப்பால் போயிருப்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. அந்தத் தொடுகை கொழும்பில் ஒரு அட்டவணையாகும்; பிறகு அறிக்கையாகும்; பிள்ளை உயிரோடிருக்கிறான் என்ற தாயின் நிலைப்பாட்டுக்கு எதிராக, அவளுடைய வாயாலேயே சொன்னதாக ஒரு பதிவு எஞ்சும். எங்கள் குழு அந்த வீட்டைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, படிவத்தை வடிவமைத்தவரிடம் சொல்லிக் கட்டாயக் குறியை நீக்கச் செய்தது.

காணாமல் ஆக்கப்பட்டோருக்கு, இறந்தவர் என்று பதியாமலே, காணக்கிடையாமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு 2016இலேயே வந்துவிட்டது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடிருப்பவரையும் இறந்தவரையும் உள்ளடக்குகிறது. படிவம் செய்பவர்களுக்குத்தான் இது எதுவும் எட்டவில்லை. ஆதலால் எந்தத் தெரிவுப் பட்டியலிலும் "காணாமல் ஆக்கப்பட்டவர்", "சொல்ல விரும்பவில்லை", "இவற்றில் எதுவுமில்லை" ஆகிய மூன்றையும் சேர்க்கும்படியும், பெயரைத் தவிர வேறெந்த இடத்துக்கும் கட்டாயக் குறி போட வேண்டாம் என்றும் நான் வற்புறுத்துவேன். தவறான பதிவை வைத்திருப்பது, பதிவைக் களவு கொடுப்பதைவிடச் சிறிய அநீதியன்று.

சம்மதம் பெறுதல் என்பது இங்கே பெரும்பாலும் சடங்காகிவிட்டது. முகாமில் வரிசையில் நின்று, திரும்பி வந்தபின் தகரத்துக்கும் தறப்பாளுக்கும் வரிசையில் நின்று பழகியவர்கள், சம்மதப் பத்திரத்தை வாசிக்கத் தொடங்கும் முன்னரே "எங்கை தம்பி கையெழுத்து?" என்று கேட்பார்கள். உதவி வேண்டுமென்றால் பதில் சொல்லியாக வேண்டும் என்று எண்ணுபவரின் கையெழுத்தைச் சம்மதம் என்று கொள்வது எனக்கு ஒருபோதும் மனதுக்கு ஒவ்வவில்லை. எங்களுக்கு ஓரளவு பலன் தந்த முறை இதுதான்: பட்டியலில் பெயரைப் பதிந்து முடித்து, அதை அவருக்குக் காட்டிவிட்டு, அதன் பின்னரே மற்றக் கேள்விகளுக்குப் போவோம், இனிமேல் கேட்பதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் பெயர் வெட்டப்படாது என்று பேச்சுத் தமிழில் சொல்வோம், கடைசியில், "இதை ஆரிட்டைக் குடுப்பம் எண்டு சொன்னனாங்கள், அம்மா?" என்று திருப்பிக் கேட்போம். அவர் "தெரியாது" என்றால் சம்மதம் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். சனசமூக நிலையத்தில் அரைவட்டமாகக் கதிரை போட்டு ஊரார் எல்லோருடைய காதும் கேட்க விவரம் எடுத்துவிட்டு, பிறகு அந்தக் கோப்புக்குக் கடவுச்சொல் போடுவதும் நடக்கிறது. அதைப் பற்றி என்ன சொல்வது.

வெளியே கசியும் விதங்களில், கணினிக்குள் புகுந்து திருடியதாக எதையும் நான் இங்கு கண்டதில்லை. கண்டவையெல்லாம் அவசரத்திலும் நல்லெண்ணத்திலும் நடந்தவை. ஒரு நிறுவனத்தின் உத்தியோகத்தர், ஆடு வழங்கும் திகதியை அறிவிப்பதற்காகப் பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் எக்செல் கோப்பையே வைபர் குழுவில் போட்டுவிட்டார். தேவையற்ற நிரல்களை அவர் மறைத்துத்தான் அனுப்பியிருந்தார். ஆனால் எக்செலில் மறைக்கப்பட்ட நிரல் கோப்பிலிருந்து போவதில்லை; இருபுறத்து நிரல்களையும் சேர்த்துத் தெரிவு செய்து ஒரு கட்டளை கொடுத்தால் மீண்டும் விரிந்துவிடும். தொலைபேசி இலக்கமும், பிள்ளைகளின் வயதும், வீட்டில் வயது வந்த ஆண் இல்லை என்ற குறிப்பும் அப்படி விரிந்தன. குழுவிலிருந்து செய்தியை அழித்தபோது அது வேறு குழுக்களுக்குப் போயிருந்தது. அடுத்த வாரங்களில் அந்தப் பட்டியலில் இருந்த பெண்களுக்கு இரவில் அறிமுகமற்ற அழைப்புகள் வரத் தொடங்கின. கடன் வேண்டுமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள், வேறு நோக்கத்துடன் பேசியவர்களும் இருந்தார்கள். ஒரு அக்கா சிம்மை மாற்றிவிட்டு, புதிய இலக்கத்தைப் பாடசாலையிலும் வங்கியிலும் பதிவதற்காகப் பேருந்தில் அலைந்தார். அந்தச் செலவை எவரும் கொடுக்கவில்லை.

அறிவித்தலுக்கென்று தனிக் கோப்பு செய்யுங்கள். உள்ள கோப்பில் நிரல்களை அழித்துச் செய்வதைவிட, வெற்றுக் கோப்பில் வேண்டியதை மட்டும் பிரதி செய்வது பாதுகாப்பானது. அங்கத்துவ இலக்கமும் நேரமும் இடமும் இருந்தால் போதும். சுவரில் ஒட்டும் பட்டியலுக்கும் இதுவே பொருந்தும். அடையாள அட்டை இலக்கத்துடன் அறிவித்தற் பலகையில் தொங்கும் தாளைப் படம் பிடித்துக்கொண்டு போக ஒரு நிமிடம்கூட வேண்டியதில்லை.

சந்திக்குச் சந்தி இருக்கும் கொமினிகேசன் கடைகளையும் இங்கே சொல்ல வேண்டும். அஸ்வெசும விண்ணப்பக் காலத்தில் பரந்தனிலும் விசுவமடுவிலும் அந்தக் கடைகளின் முன்னால் சனம் நின்றது. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை ஆகியவற்றைப் படம் பிடித்துக் கடைக்காரரின் வாட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பினால் அவர் அச்சிட்டுத் தருவார். அனுப்பிய படம் அவருடைய தொலைபேசியிலும், கடைக் கணினியில் பதிவிறக்கங்கள் சேரும் கோப்புறையிலும் அப்படியே கிடக்கும். கடைக்காரத் தம்பி நல்லவராகவே இருக்கலாம். அந்தக் கணினி பழுதாகி வேறொரு கடைக்குத் திருத்தப் போகும்போது அதற்குள் ஊரே இருக்கிறது. குப்பைத் தொட்டிக்கு அனுப்பிய கோப்பை மட்டுமல்ல, அதையும் காலி செய்தபின் உள்ள கோப்பையும் பல வேளைகளில் இலவச மென்பொருள் கொண்டே மீட்டுவிடலாம். கையில் அட்டையைக் கொண்டுபோய் நேரடியாகப் போட்டோக்கொப்பி எடுப்பதே நல்லது. படம் அனுப்பியே ஆக வேண்டுமென்றால், அச்சிட்டவுடன் உங்கள் கண்முன்னே இரண்டு இடத்திலும் அழிக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. சங்கங்கள் பழைய கணினியைக் கொடுக்கும்போது வன்தட்டைக் கழற்றி எடுத்துவிட வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கொடையாளருக்கு அனுப்பும் புகைப்படங்களிலும் கவனம் வேண்டும். தொலைபேசியில் இட அமைவு திறந்திருந்தால் எடுக்கும் படத்துக்குள் அகலாங்கும் நெட்டாங்கும் பதிந்துவிடும். காட்டோரத்தில், அயல் வீடு கூப்பிடு தூரத்துக்கு அப்பால் இருக்கும் காணியில் தனியே வாழும் ஒருவருக்கு இது சிறிய விடயமல்ல. கமராவின் அமைப்பில் அதை நிறுத்திவிட்டு வெளிக்களத்துக்குப் போவது போதுமானது.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற கேள்விக்கு என்னிடம் ஒற்றைப் பதில் இல்லை. திட்டம் முடிந்து குறித்த காலத்தில் அழித்துவிட வேண்டும் என்பது பொது விதி. கடன் கேட்டவரின், உதவி மறுக்கப்பட்டவரின் விவரங்களுக்கு அதை நான் கண்டிப்பாகப் பின்பற்றுவேன். ஆனால் வன்னி மக்கள் பதிவுகளை இழந்து பட்ட பாடும் கண்ணெதிரே இருக்கிறது. பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் பங்கருக்குள் நனைந்தும் நந்திக்கடல் கடக்கும்போது கைவிட்டும் போனவர்கள், பின்னர் நடமாடும் சேவைகளில் ஒரு பிரதிக்காகக் காத்து நின்றார்கள். 2010இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, காணாமல் போனோரைப் பற்றி விசாரிக்க 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, பின்னர் காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒவ்வொன்றின் முன்னும் அதே தாய்மார் அதே படத்தையும் அதே கடிதங்களையும் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னார்கள். அவர்களிடம் போய், உங்கள் தனியுரிமைக்காக நீங்கள் சொன்னதை அழித்துவிட்டோம் என்று கூறுவது கொடுமையாகும். அவர்களுடைய முறைப்பாடு வேறு: சொன்னது எங்கே இருக்கிறது, அதை யார் பார்த்தார்கள், ஏன் மறுபடியும் கேட்கிறீர்கள் என்பதே. ஆகவே அழிக்கும் திகதியைத் தீர்மானிக்கும்போது, சொன்னவரிடம் கேட்டே தீர்மானிக்கிறோம். வைத்திருங்கள் என்பவரின் வாக்குமூலத்தைப் பெயர்க் கோப்பிலிருந்து பிரித்து, இணையத்தோடு தொடுக்காத ஒரு வன்தட்டில் வைக்கிறோம்.

பட்டியல் கேட்டு வருபவர்களும் உண்டு. சிவில் உடையில், தொலைபேசி இலக்கம்கூடச் சொல்லாமல், "சும்மா ஒரு விபரத்துக்கு" என்று பயனாளிகளின் விவரம் கேட்பவர்களுக்கு அலுவலகத்தில் அன்று இருக்கும் இளம் பிள்ளை தனியே முகம் கொடுப்பது நியாயமில்லை. இதற்கென்று முன்கூட்டியே ஒரு தீர்மானம் நிறைவேற்றி வைப்பது நல்லது: எவர் கேட்டாலும் கடிதத் தலைப்பில் எழுத்தில் கேட்க வேண்டும், எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும், நிருவாகக் குழு கூடியே பதில் சொல்லும், கேட்டவரின் பெயரும் திகதியும் ஒரு புத்தகத்தில் பதியப்படும். பெரும்பாலானோர் எழுத்து என்றதும் திரும்பி வருவதில்லை. சட்டபூர்வமான கட்டளையோடு வந்தால் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். எழுதாமல் விட்ட நிரலை மட்டும் எந்தக் கட்டளையாலும் வாங்க முடியாது.

அண்மையில் ஒரு சங்கத்தில் புதிதாக ஒரு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். விவரம் பதிந்த அன்றே, கணினியில் உள்ளதை அப்படியே அச்சிட்டு, யாரிடம் பகிரப்படும், திருத்த வேண்டுமானால் யாரிடம் வர வேண்டும் என்ற இரண்டு வரியோடு அவரவர் கையில் கொடுக்கிறோம். முதல் நாளிலேயே பலர் பிறந்த திகதியையும் பிள்ளைகளின் பெயரில் எழுத்துப் பிழையையும் சுட்டிக்காட்டித் திருத்துவித்தார்கள். ஒருவர் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தை எடுத்துவிடும்படி கேட்டார், எடுத்தோம். தாளும் மையும் விற்கும் விலைக்கு இது கட்டுப்படியாகுமா என்று பொருளாளர் அக்கா கேட்டார். காகிதாதிகள் செலவில் சேர்த்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் அனுமதி எடுப்பதாக முடிவாகியிருக்கிறது.